பாதகமில்லை: நிழற்படத்துக்குக் குறை சொல்லும் முறைமை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வின் தோற்றுவாய்

பொதுப்பணித் துறையில் 32 ஆண்டு குப்பை கொட்டியதாகத் தாமே சொல்லிக்கொள்ளும் என் சித்தப்பா, ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஒரு கேமராவும் முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸும் வாங்கினார். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கூந்தன்குளம் போய் ஒரு கூழைக்கடாவைப் படம் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே என்னிடம் கேமராவை நீட்டினார்.

"நல்லாருக்கு சித்தப்பா" என்றேன்.

"எது நல்லாருக்கு?"

"படம்."

"படத்துல எதுடே?"

"கொக்கு."

"அது கூழைக்கடா."

இவ்வாய்வின் மூலத்தரவு இந்த உரையாடல்தான். நான் படத்தைப் பார்த்தேன் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. எதைப் பார்த்தேன் என்பதற்கு என்னையும் சேர்த்து ஒருவரும் இல்லை. எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கலைக்கல்வியாளர், ஒரு கலைப்பொருளை அணுக நான்கு படிகள் வகுத்திருக்கிறார். முதலில் கண்ணில் படுவதைச் சொல்ல வேண்டும். பிறகு அவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அப்புறம் பொருள் காண வேண்டும். தீர்ப்பு கடைசிப் படி. நான் வாசலில் நின்றபடியே நான்காம் படிக்குத் தாவியிருக்கிறேன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கொக்கா கூழைக்கடாவா என்பது முதல் படியிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சொல்லாய்வு

நம் வீடுகளில் படம் பார்ப்போர் கையாளும் கலைச்சொற்கள் நல்லாருக்கு, சூப்பர், செம, பரவாயில்லை, பாதகமில்லை என ஐந்து. முதல் மூன்றும் பொருளால் ஒன்றே. சொல்பவரின் வயது மட்டும் வேறு. 'பரவாயில்லை' என்பதில் உள்ள பரவா, கவலை என்னும் பொருளில் உருது வழியாக வந்தது. ஆகவே அச்சொல் படத்தைப் பற்றியதே அன்று, பார்ப்பவரின் மனநிலையைப் பற்றியது: இந்தப் படத்தால் எனக்குக் கவலை ஒன்றும் இல்லை.

நம்மைத் திகைக்க வைப்பது ஐந்தாவது சொல். வடமொழியில் இடையூறு என்னும் பொருள்படும் சொல் ஒன்று, பெரும்பாவம் என்னும் பொருள்படும் சொல் வேறொன்று. தமிழெழுத்தில் இரண்டும் பாதகம் என்றே வந்து உட்கார்ந்துவிட்டன. எனவே சித்தப்பாவின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமா "பாதகமில்லை" என்றபோது, பார்க்க இடைஞ்சல் இல்லை என்றாரா, பஞ்சமா பாதகங்களின் பட்டியலில் இது வராது என்று ஆறுதல் சொன்னாரா என்பது முடிவு காணப்படாத வினா. சித்தப்பா இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆய்வு எல்லை

ஒரு சித்தப்பா, ஒரு குளம், ஒரு கோடைப் பருவம். சித்தி இவ்வாய்வின் மாதிரிக்குள் சேர்க்கப்படவில்லை. அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்தவரைப் பார்த்துவிடுகிறார் என்பதால் அவருடைய தரவு நடுநிலையானதன்று எனக் கருதப்பட்டது.

குறை சொல்வோர் வகை

களத்தில் கண்ட முதல் வகையினர் கருவியாளர். பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவின் மாப்பிள்ளை இவ்வகைக்குச் சான்று. படத்தைத் திறக்கும் முன் "என்ன லென்ஸ் மாமா?" என்பார். விடை எதுவானாலும் அதைவிட விலை கூடிய ஒன்றின் பெயர் அவரிடம் இருக்கும். அடுத்த வினா ரூல் ஆஃப் தேர்ட்ஸ். படத்தைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று மூன்றாகப் பகுத்து, கோடுகள் வெட்டுமிடத்தில் பறவையை வைக்க வேண்டுமாம். இந்த விதிக்குப் பெயர் சூட்டி எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஓவியர்; ஆண்டு 1797. டாகேரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதாவது நிழற்படக்கலை உலகறியப் பிறப்பதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு ஜாதகம் எழுதப்பட்டுவிட்டது. நாட்டுப்புறக் காட்சி வரைவோர்க்கு, பாதிக்குப் பாதி என்று பங்கு வைக்காதீர்கள் என்று அவர் சொன்ன யோசனை, இன்று ஒவ்வொரு கைப்பேசித் திரையிலும் நான்கு கம்பி போட்ட சன்னலாக நிற்கிறது. மாப்பிள்ளை சொல்லுக்குச் சித்தப்பா மறுசொல் சொல்வதில்லை. சன்னலுக்குள் பறவையை அடைத்துக் காட்டினார். "இப்ப ஓகே மாமா" என்றது பெங்களூரு.

இரண்டாம் வகையினர் துப்பறிவாளர். "எடிட் பண்ணினதா?" என்பது இவர்களுடைய ஒரே கேள்வி. மையை அழித்துத் திருத்திய பத்திரத்தைப் பார்க்கும் சார்பதிவாளர் முகத்தோடு அதைக் கேட்பார்கள். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்த லின்னேயஸ் டிரைப், அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாகச் சேர்த்தவர். அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்ததால் வானம் வெறும் வெள்ளைத் தாளாக விழும். டிரைப் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். எடிட் பண்ணினதா என்று கேட்பவர் தஞ்சாவூரில் தொடங்கட்டும்.

மூன்றாம் வகையினர் ஆன்மிகர். "எல்லாம் சரி, ஜீவன் இல்லையே" என்பர். ஜீவன் எந்தக் கடையில் கிடைக்கும், காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று சொல்லமாட்டார்கள்.

பவணந்தியார் வழி

குறை சொல்வது பற்றிய கட்டுரையை நக்கீரரில் தொடங்குவது மரபு. குறை சொன்னதற்காக உடல் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவரை வழிகாட்டியாகக் கொள்ள எனக்குத் துணிவில்லை. ஆகவே பவணந்தி முனிவரிடம் போனேன். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் செய்தவர், ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று வரிசைப்படுத்தியிருக்கிறார். அவர் கேமராவைக் கண்டவரல்லர். ஆனால் சித்தப்பாவின் மெமரி கார்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று ஐயுற இடமுண்டு.

குன்றக் கூறல்: கல்யாண வீட்டில் எடுத்த குடும்பப் படத்தில் அத்தனை பேருக்கும் கணுக்காலோடு சரி. மணமக்கள் மிதந்துகொண்டிருக்கிறார்கள். மிகைபடக் கூறல்: கைப்பேசியில் நிறத்தைக் கூட்டிக் கூட்டி, வயல் பச்சை கண்ணை உறுத்தும் பிளாஸ்டிக் குடத்துப் பச்சையாகிவிட்டது. கூறியது கூறல்: ஒரே கூழைக்கடா, ஒரே கோணம், 41 படங்கள். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் வேலையைக் குடும்ப வாட்ஸப் குழுவிடம் ஒப்படைத்துவிட்டார்.

மயங்க வைத்தல் என்பதற்கு உரையாசிரியர்கள் எவ்வளவோ எழுதியிருக்கலாம். மணமகன் தலையிலிருந்து தென்னை மரம் முளைத்து நிற்கும் ரிசப்ஷன் படம் ஒன்று போதும். எடுக்கும்போது நம் இரண்டு கண்ணுக்கும் மரம் தொலைவில் நிற்பது தெரிகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். முன்னே நிற்பவரையும் பின்னே நிற்பதையும் ஒரே தகட்டில் ஒட்டிவிடுகிறது. அடுத்தது மற்றொன்று விரித்தல். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கருவேல முள்ளில் ஆட்டோஃபோகஸ் போய்க் குத்திக்கொண்டது. முள்ளின் நுனி ஊசி போலத் தெளிவு. அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ ஒன்று. கூழைக்கடா என்று சித்தப்பா சத்தியம் செய்கிறார். இனி சென்று தேய்ந்து இறுதல்: நாதஸ்வரத்தில் தொடங்கிப் பாயசம் குடிப்பவரின் பக்கவாட்டுத் தோற்றத்தில் முடியும் எல்லாக் கல்யாண ஆல்பமும். நின்று பயன் இன்மைக்கு, ரோஜாப் பூவின் மேல் காலை வணக்கம் எழுதி அனுப்பும் நண்பர்களைச் சுட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தப் பட்டியலைச் சித்தப்பாவுக்கு ஒரு மாலை முழுக்க விளக்கினேன். ஐந்தாவது குற்றத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எட்டாவதில் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். இரவு இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்; வழக்கம் ஐந்து. குற்றங்கள் அனைத்தும் சரியாகவே சுட்டப்பட்டிருந்தன. ஆனால் மறுநாள் குளத்துக்குப் போக வேண்டியவர் போகவில்லை. இவ்வாய்வில் அளந்து பெற்ற ஒரே புள்ளிவிவரம் அந்த மூன்று தோசை.

சரியான குறையும் வீணான குறையும்

ஏன் இப்படி ஆனது என்று தேடியபோது ஜூலியா மார்கரெட் கேமரன் கிடைத்தார். பெயரிலேயே கேமரா போல ஒன்று இருப்பது தற்செயல். கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், தம் 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு தொடங்கினார். (என் சித்தப்பாவின் மாப்பிள்ளை இதுவரை பரிசாகக் கொடுத்தது ஆலோசனை மட்டுமே.) அவர் எடுத்த முகங்கள் பனிக்குள்ளிருந்து எட்டிப்பார்ப்பவை போல இருந்தன. லண்டன் நிழற்பட ஏடுகள் கடிந்துகொண்டன: ஃபோகஸ் இல்லை, இந்த அம்மாள் முதலில் கருவியைக் கையாளக் கற்க வேண்டும். ஃபோகஸ் இல்லை என்பது உண்மைதான். தொடக்கத்தில் அது தற்செயலாக அமைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது முகம் அழகாகத் தோன்றிய இடத்தில் நின்றுவிடுவாராம். மற்றவர்களைப் போலத் தெளிவு வரும்வரை திருகமாட்டாராம். 1875-ல் இலங்கைக்குக் குடிபோனார். அங்கே தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்களையும் படம் பிடித்தார். 1879-ல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடங்கியிருக்கிறார். அவரைக் கண்டித்த ஏடுகளில் எழுதியவர்களின் பெயர் ஆய்வாளர்களுக்கு மட்டும் தேவைப்படுகிறது.

ராபர்ட் ஃபிராங்க் கதையும் இதற்கு ஒப்பு. 1955, 1956 ஆண்டுகளில் பழைய கார் ஒன்றில் அமெரிக்காவைச் சுற்றி 27,000-க்கும் மேல் படம் எடுத்து, நூலுக்கு 83 மட்டும் பொறுக்கினார். 'தி அமெரிக்கன்ஸ்' 1958-ல் பாரிஸிலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் வந்தது. படங்கள் கலங்கலாக இருக்கின்றன, மணல்மணலாக இருக்கின்றன, தொடுவானம் தள்ளாடுகிறது என்று பாப்புலர் ஃபோட்டோகிராஃபி இதழில் ஏசினார்கள். தள்ளாடியது மெய். அவர் காட்ட வந்த ஊரும் அப்படித்தான் இருந்தது என்பதை ஏசியவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னது ஆய்வுநெறிப் பிழை. உடனே தம்முடைய சாய்ந்த படம் ஒன்றை எடுத்து வந்து, "அப்ப இது ஃபிராங்க் மாதிரிதான?" என்றார். அதில் கூந்தன்குளத்துத் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து மூலைக்கரைப்பட்டிக்குள் புகுந்துவிடும் போல இருந்தது. வேண்டும் என்று சாய்த்தாரா என்று கேட்டேன். பின்னால் ஒரு ஆடு முட்டியதாம். 83-ஐ விட்டுவிட்டுத் தள்ளாட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில் நம்மவர்க்கு இருக்கும் வேகம் தனி ஆய்வுக்குரியது.

அண்ணாச்சியின் முறை

ஊரில் ஒருகாலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்து, இப்போது அதே இடத்தில் மகன் ஜெராக்ஸ் கடை நடத்த, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இருவரும் போனோம். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து பல கன்னங்களின் பருவை நீக்கிக் கல்யாணம் முடித்துவைத்தவர். அவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. நல்லால்ல என்றும் சொல்லவில்லை.

"எங்க நின்னு எடுத்திய?"

"கரை மேல."

"நின்னுக்கிட்டேவா?"

"பின்ன?"

"எத்தன மணி இருக்கும்?"

"பதினொன்ற."

"பறவை எந்தப் பக்கம் போவுது?"

"இடப்பக்கம்."

"இடப்பக்கம் எவ்வளவு எடம் விட்டிருக்கிய?"

சித்தப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். அலகு நுனி படத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் பாதிப் படம் சும்மா கிடந்தது.

"அப்பம் அது எங்கதான் போவும்?" என்றார் அண்ணாச்சி, உண்மையிலேயே கூழைக்கடாவுக்காகக் கவலைப்பட்டு.

அவ்வளவுதான் நடந்தது. வீடு திரும்பும் வழியில் மற்றதைச் சித்தப்பாவே சொல்லிக்கொண்டு வந்தார். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பறவை தண்ணீரோடு தண்ணீராக ஒட்டிப்போகிறது. உட்கார்ந்து அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால் அக்கரை எங்கோ தொலைவில் மங்கி, பறவை தனியே முன்னால் வரும். பதினொன்றரை வெயில் உச்சியிலிருந்து விழுவதால் முதுகு சுண்ணாம்பாக வெளுத்து, அலகுப் பைக்குக் கீழே கரி அப்பியிருக்கிறது. போதாததற்கு, படத்தில் பெரும்பகுதி கறுத்த தண்ணீர். கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும் சமரசவாதி. இருட்டைக் கண்டு ஒளியைக் கூட்டியதில் வெள்ளை இறகின் வரியெல்லாம் அழிந்துவிட்டது. வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்து வைத்திருக்கலாம். பத்துக் குற்றமும் நான் விளக்கியபோது வராத தெளிவு ஆறு கேள்வியில் எப்படி வந்தது?

அண்ணாச்சியின் பழைய தொழிலில் விடை இருக்கிறது. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படம் எடுக்கையில் அவர் சொன்னதெல்லாம் என்ன? நாடிய எறக்குங்க. ரெண்டு காதும் தெரியட்டும். லேசா இங்கிட்டு, ரொம்பத் திரும்பாதிய. இவை அத்தனையும் விமர்சனமே. படம் விழுவதற்கு முன்னால் சொல்லப்பட்ட, உடம்பால் உடனே நிறைவேற்றக்கூடிய விமர்சனம். அவர் ஒருநாளும் வாடிக்கையாளரிடம் உங்கள் முகத்தில் ஜீவன் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காசு வந்திருக்காது.

பாதக் கோட்பாடு

இதிலிருந்து பெறப்படும் கோட்பாடு: படத்தின் குறை கண்ணில் தெரிகிறது, அது பிறந்த இடம் எடுத்தவரின் பாதம். எங்கே நின்றார், எப்போது போய் நின்றார், நின்றாரா உட்கார்ந்தாரா, எவ்வளவு கிட்டே போனார். எனவே சொல்லும் குறை பாதம்வரை இறங்க வேண்டும். கேட்டவர் நாளைக் காலை எழுந்து காலால் என்ன செய்வார் என்பதே உரைகல். "மனசைத் தொடலை" என்பதைக் கேட்டவர் காலால் ஒன்றும் செய்ய இயலாது. சொன்னவரை வேண்டுமானால் செய்யலாம். "ஓர் எட்டு தள்ளி நின்றிருந்தால்" என்பதைக் கேட்டவர் ஓர் எட்டு தள்ளி நிற்பார். பாதமில்லாத விமர்சனமே பாதகம் எனச் சொற்பிறப்புக் கூற ஆசை. பவணந்தியார் மன்னிக்கமாட்டார்.

இக்கோட்பாட்டுக்கு முன்னோடி உண்டு. போர்க்களப் படக்காரர் ராபர்ட் காபா, படம் சரியாக அமையவில்லையென்றால் இன்னும் கிட்டே போகவில்லை என்றுதான் பொருள் என்ற கருத்துடையவர். 1954-ல் வியட்நாமில், படை நடப்பதை இன்னும் நல்ல இடத்திலிருந்து எடுப்பதற்காகச் சாலையை விட்டு இறங்கிப் போனவர் கண்ணிவெடியில் கால் வைத்து இறந்தார். கோட்பாட்டின் எல்லை எங்கே முடிகிறது என்று காட்டிய அந்த எட்டைப் பற்றி வேடிக்கையாக எழுத வரவில்லை.

களச் சோதனை

பங்குனி மாதம் மூன்றாம் வாரம், விடியும் முன்பே சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பத்து மணிக்குத் திரும்பினார். வேட்டி முட்டு வரைக்கும் சேறு. முகத்தில் அரசு ஊழியர்க்குரிய எந்த அடையாளமும் இல்லை. கேமராவை நீட்டினார்.

இம்முறை நான் தயாராக இருந்தேன். முதல் படியிலிருந்து தொடங்கினேன்: ஒரு கூழைக்கடா, வலமிருந்து இடமாகப் போகிறது, முன்னால் தாராளமாக இடம், வெயில் பக்கவாட்டில் விழுவதால் இறகு ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவில் இருக்கிறது, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். பிறகு முறைப்படி, "எங்க நின்னிய சித்தப்பா?" என்றேன்.

"எங்கடே நின்னேன்? உக்காந்துல்லா இருந்தேன், சேத்துக்குள்ள, ரெண்டு மணி நேரம்."

குறை ஒன்றும் தென்படவில்லை என்று அறிவித்தேன். கோட்பாடு நிறுவப்பட்டதாகக் குறித்துக்கொண்டு ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து கட்டைவிரல் அனுப்பினார். பக்கத்து வீட்டு மாமா "ரொம்பப் பாதகமில்லை" என்றார்; அது முன்னேற்றமா என்று தெரியவில்லை.

அன்று மாலை சித்தி வேட்டியை ஊற வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னது, இதுக்குக் கொம்பு மொளச்சிருக்கு?"

பார்த்தோம். பறவையின் தலைக்கு நேர் பின்னால், தண்ணீருக்குள் நின்ற பட்ட கருவேலங்கம்பு ஒன்று, உச்சந்தலையில் நட்டு வைத்தது போல நிமிர்ந்து நின்றது. மயங்க வைத்தல்.

"ஒரு எட்டு அங்கிட்டு நவுந்து உக்காந்திருந்தா மறைஞ்சிருக்கும்லா?" என்று சொல்லிவிட்டுச் சித்தி வேட்டியைக் கசக்கப் போய்விட்டார். சித்தப்பா நாளைக் காலைக்கு அலாரம் வைத்தார்.

இந்தத் தரவு, ஆய்வேடு தட்டச்சுக்குப் போன பிறகு கிடைத்ததால், முடிவுகளில் சேர்க்கப்படவில்லை.